கூப்பிட்டால் வராத மனுஷன்

என் வீட்டுக்காரரைப் பற்றி ஊரே பெருமையாகப் பேசுகிறது. பேசட்டும். ஆனால் அவரோடு குப்பை கொட்டுகிறவள் நான். என்னிடம் ஒருத்தராவது வந்து ஒரு வார்த்தை கேட்டார்களா? மேலே, வேறொரு கிரகத்தின் நிலாவில் நடந்த சண்டையில், ஒரு முகாமிலிருந்து உயிரோடு திரும்பிய ஒரே ஆள் என்று பத்திரிகையில் போட்டார்கள். 'அசையாத வீரர்' என்று பட்டம் வேறு. அசையாதவர் என்பது சத்தியமான வார்த்தைதான். அந்தச் சங்கதி கல்யாணமான முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று.

அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். தொழிலில் குறை சொல்ல முடியாது. ஓடாத ஃபிரிட்ஜின் முதுகைத் தடவிப் பார்த்தே எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவார். கடையில் முதலாளி மெல்லக் கனைத்தால்கூட "சொல்லுங்க சார்" என்று எழுந்து நிற்பாராம். வீட்டில் மட்டும் காது கேட்காது. நான் அடுப்படியிலிருந்து "ஏங்க" என்பேன். பேச்சுமூச்சு இருக்காது. "ஏங்க, பால் பொங்குது, கொஞ்சம் இங்க வாங்களேன், கையில மாவு!" என்பேன். பால் பொங்கி, அடுப்பு அணைந்து, மேடையெல்லாம் வழிந்து, நான் துடைத்து முடித்துப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்த பிறகு கூடத்திலிருந்து ஒரு குரல் வரும். "கூப்பிட்டியா?"

காது டாக்டரிடமே கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் விளக்கு போட்டுப் பார்த்துவிட்டு, "அருமையான காதும்மா, பூனை நடந்தாக்கூட கேட்கும்" என்றார். அப்போதுதான் கோளாறு காதில் இல்லை, கொழுப்பில் என்று தெரிந்தது.

இதில் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது கீழ்வீட்டுத் தையல்காரியின் புருஷன். பஸ் ஓட்டுகிறவர். அந்த மனுஷன் தங்கம். அவள் 'ஏ' என்று வாயைத் திறக்கும்போதே 'ங்க' சொல்வதற்குள் எதிரில் வந்து நிற்பார். ஒரு நாள் பாதி முகம் சவரம் செய்து, மீதி முகத்தில் சோப்பு நுரை சொட்டச் சொட்ட அவர் ஓடி வந்ததை மாடிப்படியில் நின்று நானே பார்த்தேன். அவள் கூப்பிட்டது ஊசியில் நூல் கோக்க. அன்று இவருக்குச் சாப்பாடு போடும்போது தட்டைக் கொஞ்சம் ஓங்கியே வைத்தேன்.

"கீழ்வீட்டு அண்ணனப் பாருங்க. அவரும் ஆம்பளதானே?"

"ம்" என்றார். கேட்டிருக்க மாட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மேலே சண்டை வந்தது. அந்தச் செத்த நிலாவில் நம் ஆட்கள் சுரங்கம் வெட்டப் போனதும், அங்கே ஏற்கனவே எதுவோ குடியிருந்ததும் எல்லோரும் அறிந்ததுதான். அவை எப்படி இருக்கும் என்று இன்று வரை யாரும் பார்த்ததில்லை. குரல் மட்டும்தான். எந்தக் குரலை ஒரு முறை கேட்டாலும் அச்சு அசலாக அதே குரலில் பேசும். அதனால் கிளி என்று பெயர் வைத்தார்கள். கிளி குரல் கொடுக்கும், நம் ஆள் கதவைத் திறந்து வெளியே போவார், வெளியே இருப்பது மூச்சுக்கு ஆகாத விஷக்காற்று. அவ்வளவுதான் சண்டை. ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை, அதற்கு இத்தனை படை, இத்தனை பீரங்கி.

முகாமில் காற்று இயந்திரங்கள் பழுதாகிக்கொண்டே இருந்ததால் மெக்கானிக்குகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வண்டி ஓட்டுகிறவர்களையும் பிடித்தார்கள். இவரும் கீழ்வீட்டுக்காரரும் ஒரே நாளில் கிளம்பினார்கள். தையல்காரி வாசலில் நின்று அழுதாள். நானும் அழுதேன், அது வேறு விஷயம்.

படை வீரர்கள் மனம் தளராமல் இருப்பதற்காக வாராவாரம் மனைவிமார் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம் என்று மேலிடத்தில் ஒரு புத்திசாலி முடிவெடுத்தார். நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்று பேசினோம். எல்லோரும் என்ன பேசுவோம்? "ஏங்க, நல்லா இருக்கீங்களா? ஏங்க, எப்ப வருவீங்க?" முகாமில் அதை ஒலிபெருக்கியில் போட்டார்கள். வெளியே கிளிகள் கேட்டுக்கொண்டிருந்தன.

ஒரு நாள் முகாமைச் சுற்றிலும் ஒரே குரலாக எழுந்தது. "ஏங்க! கொஞ்சம் இங்க வாங்களேன்!"

முகாமே காலி. கதவைத் திறந்துகொண்டு ஓடினார்கள். பாதிப் பேர் மூச்சுக்கவசம்கூட மாட்டவில்லை. எல்லோரும் நல்ல புருஷன்மார். தளபதியும் ஓடினார், அவருடைய மனைவி அதட்டிக் கூப்பிடுகிறவளாம். என் குரலும் அதில் இருந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய்க் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.

இதுதான் அவருடைய வீரம். பத்து வருஷமாக நான் தலையில் அடித்துக்கொண்ட குறையை அரசாங்கம் ஒரே நாளில் திறமை ஆக்கிவிட்டது.

பதக்கம் கொடுக்கும் விழாவுக்கு என்னையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடையில் ஒரு பெரிய அதிகாரி இவர் பெயரைச் சொல்லி, "வருக, வருக" என்று கூப்பிட்டார். இவர் எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு மானம் போயிற்று. ஆனால் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. "பார்த்தீர்களா, இதுவல்லவோ கட்டுப்பாடு!" என்று அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் அவரே இறங்கி வந்து பதக்கத்தைக் குத்திவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு தெருவில் எந்த ஆம்பளையும் பெண்டாட்டி கூப்பிட்டு வருவதில்லை. கேட்டால், "நாட்டுக்காகப் பயிற்சி எடுக்கறேன்" என்கிறார்கள். தெருப் பெண்கள் எல்லாம் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஏதோ நான் சொல்லிக்கொடுத்த மாதிரி.

சண்டையில் கற்ற திறமைகளையும் சொல்ல வேண்டுமே. கன்னத்தை வைத்தே காற்றுக் கசிவைக் கண்டுபிடிப்பார். அந்தத் திறமையால் எங்கள் வீட்டு ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாவற்றிலும் டேப் ஒட்டிவிட்டார். சமைக்கும்போது புகை போக வழியில்லாமல் எனக்கு மயக்கமே வந்தது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார். நான் அரை மணி நேரம் பேசிவிட்டு, பதில் வராமல் கையை ஆட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். தட்டில் போட்டதை நான் குழம்பு எடுத்து வருவதற்குள் முடித்துவிடுவார். கதவு தட்டினால் திறக்க மாட்டார், திறக்கவும் விடமாட்டார். என் சொந்த அண்ணன் ஒரு தடவை வாசலில் நின்று, நின்று, கொண்டுவந்த பழத்தை அங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போனான். கடையிலும் அதே கதைதான். முதலாளி இப்போது கனைப்பதை விட்டுவிட்டுத் தோளைத் தொட்டுத்தான் வேலை சொல்கிறாராம்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தையல்காரியைக் கண்டால் ஒதுங்கிப் போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முன்வாசல் படியில் இறங்கினால் அவள் வீட்டைத் தாண்ட வேண்டும் என்று பின்பக்க இரும்புப் படியில் இறங்கிப் போவார். பதக்கம் வாங்கியதில் தலைக்கனம் வந்துவிட்டது என்று நினைத்தேன். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னால் என்ன குறைந்துவிடும்? கேட்டால் டேப் வாங்கக் கடைக்குப் போய்விடுவார்.

ஆனால் அவள் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் என் ரவிக்கைக்கு அளவெடுத்துக்கொண்டே சொன்னாள். "சொன்ன பேச்சு கேக்கற புருஷன் கிடைச்சான்னு நான் பெருமை அடிச்சுக்கிட்டேன்க்கா. நீங்கதான் கொடுத்து வச்சவங்க." ஊசி அவள் வாயில் இருந்தது. நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரவிக்கை பிற்பாடு தொளதொளவென்று போயிற்று.

இந்த நிலையில்தான் கிளிகள் மறுபடியும் தலைகாட்டிவிட்டன என்று செய்தி வந்தது. புது முகாம் போடுகிறார்களாம். எல்லா முகாம்களின் பழைய வீரர்களையும் வீடு தேடி வந்து சோதித்து, தகுதியானவர்களை மேலே அனுப்பப் போகிறார்களாம். சோதனை என்ன தெரியுமா? மனைவி கூப்பிட வேண்டும். புருஷன் எழுந்து வந்துவிட்டால் தகுதியில்லை, வீட்டிலேயே இருக்கலாம். எழாமல் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஒரு அதிகாரி அம்மாள் இவரைத் தேடித்தான் முதலில் வரப்போவதாக ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

ஒரு தடவை திரும்பி வந்ததே பெரிசு. இன்னொரு தடவை அனுப்பினால் இந்த மனுஷனை நான் பார்க்கப் போவதில்லை.

"பாருங்க, ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. நான் கூப்பிட்டா நீங்க வரணும். அவ்வளவுதான். ஊர்ல இருக்கிற எல்லாப் புருஷனும் செய்யறதுதான்" என்றேன்.

"சரி" என்றார்.

அன்றே பயிற்சியைத் தொடங்கினேன். அடுப்படிக்குப் போய், "ஏங்க" என்றேன். வரவில்லை. "ஏங்க, கேஸ் லீக் ஆகுது!" என்றேன். "ஆகல. ஆகியிருந்தா கன்னத்துல தெரியும்" என்று கூடத்திலிருந்து பதில் வந்தது. "ஏங்க" வேண்டாம், பெயர் சொல்லிப் பார்ப்போம் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அதற்கும் அசையவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கரண்டியோடு கூடத்துக்குப் போய், "உங்களுக்கு மறுபடி மேல போகணும்னு ஆசையா? வெளிப்படையா சொல்லிடுங்க!" என்று கத்தினேன்.

"எந்திரிக்கணும்னுதான்டி நெனக்கிறேன். உன் குரல் கேட்டதும் காலு ரெண்டையும் யாரோ பிடிச்சுக்கற மாதிரி ஆகிடுது."

அப்போதுதான் அவரை நன்றாகப் பார்த்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்ததில் நகமெல்லாம் வெளுத்திருந்தது. முன்பு அவர் வராதது கொழுப்பு. கொழுப்புப் பிடித்தவனுக்கு இப்படி வேர்க்காது. ஐயோ, இந்த மனுஷனை என்ன பாடு படுத்தியிருக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கரண்டியை வைத்துவிட்டுத் துண்டால் அவர் வியர்வையைத் துடைத்துவிட்டேன்.

தையல்காரிதான் ஒரு யோசனை சொன்னாள். "குரல் கேட்டாத்தானே காலு வரல? காதுல பஞ்சு வச்சுடுங்கக்கா. சோதிக்க வர்ற அந்தம்மா டீ குடிச்சு டம்ளரக் கீழ வைக்கும். அதப் பாத்ததும் இவர் எந்திரிச்சு நடக்கட்டும். நீங்க அதே நேரத்துல கூப்பிடுங்க." தலையணை தைத்ததில் மிஞ்சிய நல்ல பஞ்சாகப் பார்த்து அவளே உருட்டிக் கொடுத்தாள். அவளுக்கு இதில் என்ன லாபம்? ஒன்றுமில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு ஆள் போய்விடக் கூடாது என்று நினைத்தாள்.

சோதனை நாள் காலையில் வண்டி வாசலில் வந்து நின்றது. இறங்கிய அம்மாள் நாற்காலியைக் கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்துவிட்டு உட்கார்ந்தார். எதைச் சொன்னாலும் "விதிப்படி" என்று ஆரம்பிக்கிற ஜாதி. இவருடைய துணிப்பையையும் கட்டி வைக்கச் சொன்னார். முடிவு தெரிந்துவிட்ட மாதிரிதான் பேச்சு. நான் டீ கொடுத்தேன்.

"விதிப்படி டீ சோதனைக்குப் பிறகுதான்" என்று டம்ளரைத் தள்ளி வைத்தார்.

டம்ளர் கீழே வைக்கப்பட்டதைப் பார்த்ததும் எங்கள் வீட்டு வீரர் சட்டென்று எழுந்து நின்றார். நான் இன்னும் அடுப்படிக்கே போகவில்லை. அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் எழுந்திட்டீங்க? உக்காருங்க."

இவர் உட்காரவில்லை. கேட்டால்தானே உட்காருவார்? அந்த அம்மாள் இவர் பக்கத்தில் வந்து காதைப் பார்த்தார். "என்னம்மா இது, காதுல பஞ்சு?"

"சளிங்க" என்றேன்.

"ரெண்டு காதுலயுமா?" என்று தன் கையாலேயே பிடுங்கி மேஜையில் வைத்துவிட்டு, இவரை மறுபடியும் நாற்காலியில் உட்கார வைத்தார். என் முகத்தில் ஈயாடவில்லை. "போங்கம்மா உள்ள. இயல்பான குரல்ல கூப்பிடுங்க. அழக் கூடாது, அலறக் கூடாது, பாத்திரத்தப் போடக் கூடாது."

அடுப்படிக்கு வந்தேன். ஆத்திரம் தாங்காமல் கையில் கிடைத்த பாத்திரத்தையெல்லாம் தொட்டியில் போட்டுத் தேய்த்தேன். அந்த அம்மாளைத் திட்டினேன், கிளிகளைத் திட்டினேன், வாராவாரம் பேசி அனுப்பச் சொன்ன புத்திசாலியை அவன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினேன். எல்லாம் முணுமுணுப்பாகத்தான்.

"கூப்பிடுங்கம்மா!"

குழாயை மூடினேன். வாயைத் திறந்தேன். அப்போதுதான் மண்டையில் அடித்த மாதிரி ஒன்று புரிந்தது. நான் கூப்பிட்டால் அவர் உறைந்துபோவார். உறைந்துபோனால் கூட்டிப்போவார்கள். கிளிகள் என் குரலைத் திருடி அவரைக் கொல்லப் பார்த்தன. இப்போது அதே குரலால் நானே அவரை அனுப்பி வைக்க வேண்டுமாம். கூப்பிட மாட்டேன், என்ன செய்வார்களோ செய்யட்டும் என்று வாயை மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா, காது கேக்குதா?" என்று அந்த அம்மாள் கேட்டார். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை என்னைப் பார்த்துக் கேட்பார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. பதில் சொல்லவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. கூடத்தில் நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் அடுப்படி வாசலில் இவர் நிற்கிறார். முகம் வெளிறி, மூச்சு வாங்க, என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"என்னாச்சு? என்னாச்சுடி உனக்கு? பேசு!"

பின்னாலேயே அதிகாரி அம்மாள் வந்தார். "கூப்பிடவே இல்லையே! ஏன் எழுந்து வந்தீங்க?" என்றார். இவர் அந்த அம்மாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் பாவம், இப்படி ஒரு சங்கதி அவருடைய விதியில் இல்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"கூப்பிட்டு எழுந்து போறவன் தான் மட்டும் சாவான். கூப்பிடாமலே எழுந்து போறவன் முகாமையே சாகடிப்பான். இந்த ஆள வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது? தகுதியில்ல" என்று கோபமாகச் சொல்லிவிட்டு, டீயைக் குடிக்காமலே போய்விட்டார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டதும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம்.

"பத்து வருஷமா கத்திக் கத்திக் கூப்பிட்டும் வராத மனுஷன், இன்னைக்கு எப்படிங்க வந்தீங்க?"

அவர் சிரிக்கவில்லை. அடுப்படித் தரையிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ பாத்திரம் தேச்சுக்கிட்டு, முணுமுணுத்துக்கிட்டு இருந்தே. அப்புறம் நின்னுடுச்சு."

"அதுக்கென்ன?"

"கிளி களைக்காதுடி. நிறுத்தவே நிறுத்தாது. நாள் கணக்கா ஒரே குரல்ல கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். அன்னைக்கு எல்லாரும் வெளிய போனப்புறம், அவங்க குரல்லயும் கூப்பிட ஆரம்பிச்சிடுச்சு. நான் தாழ் போட்டுட்டு உக்காந்திருந்தேன். அதுல ஒரு குரல் கதவுகிட்டயே இருந்துச்சு. 'அண்ணே, நான்தாண்ணே, கதவத் தொறங்கண்ணே'ன்னு. கிளின்னு நெனச்சுக்கிட்டேன்."

நிறுத்திக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மத்த குரல் எல்லாம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அது மட்டும் கொஞ்சம் கொஞ்சமா கம்மியாகி நின்னுடுச்சு. நின்னப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது. மூச்சுக்கவசம் மாட்டிக்கிட்டு ஓடியிருக்கான். அதுல இருந்த காத்து தீர்ற வரைக்கும் கூப்பிட்டிருக்கான்."

"யாரு?"

அவர் தரையைப் பார்த்தார். அந்தத் தரைக்குக் கீழேதான் தையல்காரியின் வீடு.

தலைக்கனம் என்றும் கொழுப்பு என்றும் நான் பேசாத பேச்சில்லை. இந்த மனுஷன் இத்தனை நாளும் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு இரும்புப் படியில் ஏறி இறங்கியிருக்கிறார். பாவமாக இருந்தது. கீழே இருக்கிறவளை நினைத்தால் அதைவிடப் பாவமாக இருந்தது.

அவர் எழுந்து சட்டையைச் சரி செய்துகொண்டார். "மேல கூட்டிக்கிட்டுப் போயிட்டா அவகிட்ட சொல்ல வேண்டியதில்லன்னு இருந்துச்சு. நெஜத்தச் சொன்னா, அதுல எனக்கு ஒரு நிம்மதி. இனிமே இங்கதானே இருக்கணும். சொல்லணும்."

"இப்பவேவா?"

அதற்குள் கீழேயிருந்து தையல்காரியின் குரல் கேட்டது. "அக்கா, என்னாச்சு? அந்தம்மா போயிடுச்சா? அண்ணன் இருக்காரா?"

முன்வாசல் கதவின் ஓரத்தில் ஒட்டியிருந்த டேப்பை அவர் மேலிருந்து கீழ் வரை உரித்தார். எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினேன்.